22-ல் உச்சம், 23-ல் காயம்: யார் இந்த டெரிக் ரோஸ்?

கூடைப்பந்தில் பந்தை முன்னே கொண்டுபோய், யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர்தான் பாயின்ட் கார்டு. சிகாகோவில் பிறந்த டெரிக் ரோஸ் ஆடியது அந்த இடத்தில்தான். 2011-ல் சொந்த ஊர் அணியான சிகாகோ புல்ஸுக்கு ஆடி, 22 வயதில் என்பிஏ-வின் சிறந்த வீரர் விருதை வென்றார். இவ்வளவு சின்ன வயதில் வேறு யாரும் அதை வாங்கியதில்லை.

2012 ஏப்ரல் 28. பிளேஆஃப் முதல் ஆட்டம். புல்ஸ் ஜெயிப்பது உறுதியான கடைசி நிமிடங்களில் அவரது இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. திரும்பி வந்ததும் வலது முழங்காலில் அடி. வேகம்தான் அவர் பலம், அதுவே போனால்? “ஆளு அவ்ளோதான்” என்றார்கள்.

பிறகு அணிகள் மாறின. 2018 அக்டோபர் 31-ல் மினசோட்டாவுக்காக யூட்டாவுக்கு எதிராக 50 புள்ளிகள் குவித்து, களத்திலேயே கண் கலங்கினார். உச்சத்தில் இருந்தபோதுகூட ஒரே ஆட்டத்தில் அவ்வளவு எடுத்ததில்லை. 2024-ல் ஓய்வு பெற்றார்.