பொதுப் பெட்டியும் தானே திறக்கும் கதவும்

தனித்தனியே வைத்துக் காக்க இயலாததை ஒன்றாக வைத்துக் காப்பது கூட்டுறவின் பழைய பாடம். நூல் கட்டுகளுக்கும் உர மூட்டைகளுக்கும் பொதுக் கிடங்கு கண்ட நம் உறுப்பினர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இன்று அதே தேவை கணினியிலும் எழுந்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. சங்கத்தின் நிலை இவ்வாறாக, உறுப்பினர் வீடுகளும் பின்தங்கிவிடவில்லை. நெசவாளர் வீட்டில் கரையும் முந்தியும் கணினியில் வரையப்படுகின்றன. விவசாயி வீட்டில் பட்டா, சிட்டா நகல்களும் கடன் ரசீதுகளும் கணினியில் சேர்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருப்பதும் இன்று அரிதன்று.

இவை அனைத்துக்கும் பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டியை வாங்கி, ரௌட்டருடன் இணைத்து, வீட்டார் யாவரும் அதில் கோப்புகளை வைத்து எடுக்கலாம். ‘நாஸ்’ என்று கடைகளில் கேட்டால் கிடைப்பது இதுவே. இப்பெட்டியின் கதவு, கணினியைத் திறந்தவுடன் தானே திறந்துகொள்ளுமாறு அமைப்பது எப்படி என்பதையும், அவ்வாறு அமைக்கும்போது நேரக்கூடிய ஒரு பெரும் பிழையைத் தவிர்ப்பது எப்படி என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பொருத்துதல் என்பது யாது?

பெட்டியில் பிறர் பயன்படுத்துவதற்கென ஒதுக்கப்பட்ட பகுதிக்குப் பகிர்வு என்று பெயர். அப்பகிர்வை நம் கணினியின் ஓர் அடைவோடு இணைத்து, அது நம் கணினியிலேயே இருப்பதுபோலத் தோன்றச் செய்வதே ‘மவுண்ட்’ செய்தல். இதனைப் பொருத்துதல் என்று கூறுவோம். கணினியும் பெட்டியும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். வீடுகளில் வழங்கும் மொழிகள் இரண்டு. எஸ்.எம்.பி. என்பது 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றிப் பின்னர் விண்டோஸ் உலகில் வளர்ந்தது. என்.எஃப்.எஸ். என்பது 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் யூனிக்ஸ் கணினிகளுக்காக உருவாக்கியது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்னும் ஆராய்ச்சி மாணவர் தொடங்கிய சாம்பா என்ற மென்பொருளால் லினக்ஸ் கணினிகளும் முதல் மொழியைப் பேசக் கற்றன. இக்கட்டுரையில் லினக்ஸ் கணினியையே முதன்மையாகக் கொள்கிறோம்.

இங்கு ஒரு நுட்பத்தை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். லினக்ஸ் கணினியில் பொருத்துமிடம் என்பது முன்னரே உண்டாக்கி வைத்த ஒரு சாதாரண வெற்று அடைவு. பகிர்வு பொருந்தியதும் பெட்டியில் உள்ளவை அவ்வடைவில் தோன்றும். பொருந்தாவிட்டால் அடைவு மறைந்துவிடுவதில்லை. நம் கணினியின் சொந்தத் தட்டில் ஒரு வெற்று அறையாக அது திறந்தே நிற்கும். அதில் எதை வைத்தாலும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். நாம் எச்சரிக்க விரும்பும் பிழை இதிலிருந்தே பிறக்கிறது.

நம் சரகத்தில் கண்டது

நம் சரகத்தில் ஒரு நெசவாளர் வீடு. மகள் கணினியில் சேலை வடிவங்கள் வரைபவர். வரைந்தவை கணினியின் தட்டில் இருக்கும். ஒவ்வொரு நாள் இரவும் அவற்றின் நகல் பொதுப் பெட்டிக்குத் தானே செல்லுமாறு அமைத்திருந்தனர். ஆடி மாதத்தில் ரௌட்டர் பழுதாகிப் புதியது வந்தது. புதிய ரௌட்டர் பெட்டிக்கு வேறு முகவரியை வழங்கிவிட்டது. கணினியோ பழைய முகவரியையே தேடிற்று. பகிர்வு பொருந்தவில்லை. ஆயினும், பொருந்தாவிட்டாலும் தயங்காது தொடங்குக என்று கணினிக்கு முன்பே ஆணையிட்டிருந்தமையால் அது ஓசையின்றித் தொடங்கிற்று.

அன்றிரவு நகல் எடுக்கும் நிரல் பொருத்துமிடத்தைத் திறந்தது. அது வெறுமையாக இருக்கவே, எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து நகலெடுத்து நிரப்பிவிட்டது. மூலமும் நகலும் ஒரே தட்டில் அமைந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு யாதொரு குறையும் தெரியவில்லை. ஐப்பசியில் அத்தட்டு பழுதாயிற்று. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஆடிக்குப் பின் வரைந்த ஒன்றும் அதில் இல்லை.

“தினமும் திறந்து பார்த்தேன், சார். எல்லாம் இருந்தது” என்று அப்பெண் நம்மிடம் கூறினார். அவர் கூறியது முழு உண்மை. எல்லாம் இருந்தன, இருந்த இடந்தான் வேறு. நெய்து முடித்த சேலைகளைக் கையில் வைத்துக்கொண்டு, இழை எண்ணி எண்ணி வடிவங்களை மறுபடியும் வரையலானார். தறிக்கு ஏறாத வடிவங்கள் போனவை போனவையே.

நிற்க. இனி, முறையாக அமைக்கும் வழியைக் காண்போம்.

அமைக்கும் முறை

முதலாவதாக, பெட்டிக்கு நிலையான முகவரி வேண்டும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இன்ன பெட்டிக்கு இன்ன முகவரி என்று ஒதுக்கி வைக்கும் வசதி பெரும்பாலும் உண்டு. அதனைச் செய்துவிட வேண்டும். ரௌட்டர் மாறினால் இவ்வேலையை மறுபடியும் செய்ய வேண்டும் என்பதைப் பெட்டியின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைப்பது நலம்.

இரண்டாவதாக, லினக்ஸில் எஃப்எஸ்டேப் என்னும் கோப்பு ஒன்று உண்டு. கணினி தொடங்கும்போது எவ்வெவற்றை எங்கெங்கே பொருத்த வேண்டும் என்பதற்கான பதிவேடு அது. ஒரு பகிர்வுக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு ஆறு பகுதிகள். முதற்பகுதி பெட்டியின் முகவரியும் பகிர்வின் பெயரும். அடுத்தது பொருத்துமிடம். மூன்றாவது, பேசும் மொழி. நான்காவது, நிபந்தனைகள். கடைசி இரண்டிலும் பிணையப் பகிர்வுக்குப் பூச்சியம் இட்டால் போதும்.

மூன்றாவதாக, கடவுச்சொல். மேற்சொன்ன பதிவேட்டைக் கணினியைப் பயன்படுத்தும் எவரும் படிக்க இயலும். ஆதலின் கடவுச்சொல்லை அதில் எழுதலாகாது. தனிக் கோப்பு ஒன்றில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி, கணினியின் நிர்வாகி மட்டுமே அதைப் படிக்குமாறு அனுமதியைக் குறைத்து, பதிவேட்டில் அக்கோப்பின் இடத்தை மட்டும் குறிக்க வேண்டும். எஸ்.எம்.பி. பகிர்வானால், கோப்புகள் யாருடைய பெயரில் தோன்ற வேண்டும் என்பதையும் நிபந்தனையில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அவை நிர்வாகியின் உடைமையாகத் தோன்றி, வீட்டார் எழுத முயலும்போது அனுமதி மறுக்கப்படலாம்.

நான்காவதாக, தொடங்கும் வேளை. மின்சாரம் போய் வரும்போது கணினி முந்திக்கொள்ளும். பெட்டி எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். மடிக்கணினியில் வைஃபை இணைப்பு பல வேளைகளில் பயனர் உள்நுழைந்த பின்னரே உண்டாகிறது. அதற்குமுன் பொருத்த முயன்றால் தோல்விதான். பிணையம் தேவைப்படும் பகிர்வு இது என்று உணர்த்த ‘நெட்டெவ்’ என்ற நிபந்தனை உண்டு. பொருந்தாவிட்டாலும் தொடங்குக என்பதற்கு ‘நோஃபெயில்’ என்ற நிபந்தனை உண்டு. பின்னதை இடாவிட்டால், பெட்டி இல்லாத நாளில் கணினி தொடங்காமல் நெடுநேரம் காத்திருக்கக்கூடும். இட்டால், நாம் மேலே கண்டதுபோல் ஓசையின்றித் தொடங்கிவிடும். இரண்டிலும் இடர் உண்டு என்பது தெளிவு.

இவ்விரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று இருக்கிறது. கணினி தொடங்கும்போதே பொருத்தாமல், அவ்வடைவை ஒருவர் முதன்முதல் திறக்கும்போது பொருத்துமாறு செய்வதே அது. 2010-இல் வெளிவந்து இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இடம்பெற்றுள்ள சிஸ்டம்டி என்னும் நிர்வாகி, ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ என்ற ஒரு நிபந்தனையைக் கண்டால் இதனைச் செய்கிறது. ஆட்டோஎஃப்எஸ் என்ற தனி மென்பொருளாலும் இது கைகூடும். இம்முறையில் கணினி விரைவில் தொடங்கும். பெட்டி பின்னால் எழுந்தாலும் தடையில்லை. இவற்றினும் மேலான பயன் ஒன்றுண்டு. பெட்டி கிடைக்காதபோது அடைவைத் திறப்பவர்க்கு வெற்று அறை காட்டப்படுவதில்லை. திறக்க இயலவில்லை என்ற பிழைச்செய்தியே கிடைக்கும். அச்செய்தி எரிச்சலூட்டலாம், ஆனால் பொய் சொல்லாது.

வரியை எழுதி முடித்ததும் கணினியை அணைத்துச் சோதிக்க வேண்டுவதில்லை. ‘ஃபைண்ட்மவுண்ட்’ என்னும் கட்டளை, பதிவேட்டில் எழுத்துப் பிழை உண்டா என்று சரிபார்க்கவும், இப்போது எவையெவை பொருந்தியுள்ளன என்று காட்டவும் வல்லது.

மேலும் இரண்டு காவல்கள்

பொருந்தாத நிலையில் வெற்று அடைவு எதையும் ஏற்காமல் இருக்கச் செய்வது முதற்காவல். பகிர்வு பொருந்தாதிருக்கும்போது, ‘சேட்டர்’ என்ற கட்டளையால் அவ்வடைவை மாற்றவொண்ணாததாக முத்திரையிடலாம். அதன்பின் நிர்வாகியே முயன்றாலும் அதில் ஒரு கோப்பும் புதிதாய் வைக்க முடியாது. பகிர்வு பொருந்தியபின் இம்முத்திரை குறுக்கிடுவதில்லை.

இரண்டாவது காவல் அடையாளக் கோப்பு. பெட்டியில் மட்டும் ஒரு சிறு கோப்பை வைத்து, நகல் எடுக்கும் நிரல் முதலில் அதைத் தேடுமாறு செய்தல் வேண்டும். கோப்பு கண்ணிற்பட்டால் நகலெடுக்கலாம். படாவிட்டால் நின்று, வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். மூலங்கள் இருக்கும் அடைவில் இதே கோப்பை வைத்தால் அதுவும் நகலாகிச் சோதனையைக் கெடுத்துவிடும். இவ்விரண்டில் ஒன்று இருந்திருப்பினும் அந்நெசவாளர் வீட்டு மகள் இழை எண்ண நேர்ந்திராது.

விண்டோஸ் உடையோர்க்கு

விண்டோஸ் கணினியில் பகிர்வை ஓர் எழுத்தோடு இணைக்கும்போது, மறுமுறை உள்நுழையும்போதும் இணைக்குக என்ற கட்டத்தில் குறியிட்டால் போதும். பெட்டி கிடைக்காதபோது அவ்வெழுத்தின்மேல் பெரும்பாலும் சிவப்புப் பெருக்கல் குறி தோன்றும். அதைக் கண்டும் காணாமல் இருத்தல் கூடாது.

எஸ்.எம்.பி. மொழியின் முதற்பதிப்பை மட்டும் அறிந்த பழைய பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்னும் நச்சுநிரல் அம்முதற்பதிப்பின் ஓட்டை வழியாகவே பரவிற்று. அவ்வாண்டின் இறுதியிலிருந்து புதிதாய் நிறுவப்படும் விண்டோஸில் அப்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. பழைய பெட்டிக்காக அதனை மீண்டும் இயக்குதல் அறிவுடைமையாகாது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். இயலாவிடில் பெட்டியையே மாற்ற வேண்டும். பகிர்வை வெளி இணையத்துக்கு நேரே திறந்துவிடுவதும் கூடாது.

எப்போதும் திறந்திருக்கும் கதவு வீட்டாருக்கு மட்டுமன்றி நச்சுநிரலுக்கும் கதவே. ஆகவே இன்றியமையாத கோப்புகளின் நகலை மாதம் ஒருமுறை தனித் தட்டில் எடுத்து, அத்தட்டைக் கழற்றி வேறிடத்தில் வைத்தல் நலம்.

முடிவாக

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது இருப்புப் பதிவேட்டை மட்டும் பார்த்து நாம் கையொப்பமிடுவதில்லை. கிடங்கைத் திறந்து, கட்டுகளை எண்ணிய பின்னரே இடுகிறோம். பதிவேடு எழுதியவர் நேர்மையாளர் அல்லர் என்பதனால் அன்று. நேர்மையாளரும் வேறோர் அறையைக் கிடங்கு என்று கருதிவிடக் கூடும் என்பதனால். வீட்டுப் பெட்டிக்கும் இம்முறையே பொருந்தும். மாதம் ஒருமுறை, நகல் அனுப்பும் கணினியை விடுத்து வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ பெட்டியைத் திறந்து, நேற்று வைத்த கோப்பு அதில் உண்டா என்று உறுப்பினர்கள் பார்த்துவிட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இவ்விதழைக் கீழே வைத்ததும் முதல் முறையாகப் பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.