உஷார்! கிட்னி கொடுப்பவருக்கும் அது பெரிய ஆபரேஷன்தான்

“ஒரு கிட்னி இருந்தாலே போதும். சின்னதா துளை போட்டுத்தான் எடுப்பாங்க. நாலஞ்சு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்.” கிட்னி பழுதான பிள்ளைக்குத் தன்னுடையதைக் கொடுக்க முன்வரும் அம்மாவிடம் முதலில் சொல்லப்படுவது இதுதான். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இதை மட்டும் கேட்டுக்கொண்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எந்த நோயும் இல்லாத ஒருவருக்கு, இன்னொருவருக்காகச் செய்யப்படும் பெரிய அறுவை சிகிச்சை இது. அரிதாக என்றாலும், கொடுத்தவரே இறந்துபோனதும் உண்டு.

முதல் பயம் ரத்தப்போக்கு. இரண்டு சிறுநீரகங்களுக்கும் சேர்த்து நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் ரத்தம் பாய்கிறது. உடம்பில் மொத்தம் இருப்பதே ஐந்து லிட்டர்தான். சிறுநீரகத் தமனி மகாதமனியிலிருந்தே நேராகப் பிரிகிறது. புற்றுநோய்க்காகச் சிறுநீரகத்தை எடுக்கும்போது, கட்டிப்போட வசதியாகத் தமனியில் கொஞ்சம் நீளம் விட்டு வெட்டலாம். தானத்தில் அந்த வசதி குறைவு. பெறுபவரின் உடம்பில் தைத்து இணைக்கத் தமனி நீளமாக வேண்டும். அதனால் மகாதமனியை ஒட்டி வெட்டுகிறார்கள். கொடுத்தவரிடம் மிஞ்சுவது குட்டையான ஒரு நுனி. அதை மூடியிருப்பது நழுவினால், வார்டுக்கு வந்த பிறகுகூடச் சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம்.

இப்படி நழுவியிருக்கிறது. ஹெம்-ஓ-லாக் என்ற பிளாஸ்டிக் பூட்டு கிளிப்பை, லேப்ராஸ்கோப்பி மூலம் தானக் கிட்னியை எடுக்கும்போது தமனியில் போடக் கூடாது என்று 2006-ல் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. அதற்குப் பிறகும் மரணங்கள் நேர்ந்ததால், அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-ல் மீண்டும் எச்சரித்தது. கிளிப் ரத்தக்குழாயை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஸ்டேப்ளரின் முள்ளோ, ஊசி நூலோ குழாயின் சுவரைத் துளைத்துப் பிடிக்கின்றன. ஆகவே அறுவை மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “தமனியை எதை வெச்சு மூடுவீங்க, டாக்டர்? வெறும் கிளிப்பா, ஸ்டேப்ளரா, தையலா?” நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள்.

எண்ணிக்கையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை கிட்னி கொடுத்த எண்பதாயிரத்துச் சொச்சம் பேரில், 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மூன்று பேர். 2013-ல் தொடங்கிய பத்தாண்டில் அது ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே பி.பி. இருந்தவர்களிடம் அது பல மடங்கு கூடியிருந்தது. “பி.பி. மாத்திரை சாப்பிடுறதைச் சொன்னா வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுவாங்க” என்று பயந்து மறைக்கும் அம்மாக்கள், அப்பாக்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். உயிர் போகாவிட்டாலும் வரும் சிக்கல்கள் இன்னும் அதிகம்: குடலில் காயம், நோய்த்தொற்று, தழும்பில் குடலிறக்கம், மாதக்கணக்கில் விடாத வலி.

ஆபரேஷன் நாளன்று வீட்டில் எல்லோரும் எங்கே நிற்பார்கள்? கிட்னி வாங்கியவரின் ஐ.சி.யூ. வாசலில். “யூரின் வந்துடுச்சா?” என்பதே எல்லோர் கேள்வியும். கொடுத்தவர் வேறொரு அறையில், பேருக்கு ஒரு துணையோடு படுத்திருப்பார். இதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் அவருக்கென்று விவரமான ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திடீர் மயக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, வயிறு உப்புதல் என்றால் உள்ளே ரத்தம் கசியலாம். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கினால் காலில் ரத்தம் கட்டியிருக்கலாம்; மூச்சு வாங்கினால் அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வீடு திரும்பிய பிறகும் இவை வரலாம். “ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும்” என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நம் நாட்டில் கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அண்ணனுக்கோ கணவனுக்கோ கொடுக்கச் சொல்லி இளம் பெண்களிடம் பேசும் பெரியவர்களே, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவில் நடந்த ஆய்வொன்றில், கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு கிட்னி கொடுத்த பெண்களின் கர்ப்பங்களில் 11 சதவீதம். கொடுக்காத, அதே அளவு ஆரோக்கியமான பெண்களின் கர்ப்பங்களில் 5. இனிமேல்தான் குழந்தை பெறப்போகிறவர் என்றால், மகப்பேறு மருத்துவரையும் பார்க்காமல் முடிவு எடுக்க வேண்டாம்.

பணத்துக்காக விற்பவர்களின் கதை தனி. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை 2001-ல் சந்தித்து விசாரித்த ஆய்வில், பெரும்பாலோர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 சதவீதம் பேர் உடல்நிலை மோசமானது என்றார்கள். நாமக்கல் மாவட்டத்து விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் வளைத்தது 2025-லும் செய்தியானது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி விற்பதும் வாங்குவதும் தரகும் குற்றம்.

உறவினருக்குக் கொடுக்க மனமில்லை என்றால் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன்புவரை மறுக்கலாம். குடும்பத்தார் இல்லாமல் மருத்துவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கே மனம்விட்டுச் சொல்லுங்கள். கொடுப்பதென்று முடிவானால், டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்தவர் பெயரில் தனி ஃபைல் வாங்குங்கள். அதில் அடுத்த பரிசோதனைத் தேதி எழுதியிருக்க வேண்டும். பி.பி., கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் வருடா வருடம், ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துக்கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும்.