பி.காம் முடித்தவர் டாக்டர் ஆக முடியுமா? விதி சொல்வது என்ன, வயதுக் கணக்கு சொல்வது என்ன?

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆன பிறகு, 'பேசாம டாக்டருக்கே படிச்சிருக்கலாம்' என்று நினைக்கும் பி.காம், பி.ஏ. பட்டதாரிகள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்ததும் 'சயின்ஸ் உனக்கு வராது, காமர்ஸ் எடுத்துடு' என்று யாரோ சொன்னதில் தடம் மாறியவர்களும் அதில் இருப்பார்கள். 15 வயதில் எடுத்த அந்த முடிவை மாற்ற முன்பெல்லாம் வழியே கிடையாது. இப்போது உண்டு. ஆனால் அதற்கான விலையையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

டிகிரி தடையா?

இல்லை. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குப் பார்ப்பது பிளஸ் 2 பாடங்களைத்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரி தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்து பொதுப் பிரிவினருக்கு 50%, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40% மதிப்பெண் தேவை.

ஆகவே, பிளஸ் 2-வில் பயாலஜி குரூப் படித்துவிட்டு பி.ஏ. தமிழ் முடித்தவர் நேரடியாக நீட் எழுதலாம். பிளஸ் 2-வில் காமர்ஸ் படித்தவர், எம்.காம்-ல் தங்கப் பதக்கமே வாங்கியிருந்தாலும், முதலில் அந்தப் பாடங்களை முடிக்க வேண்டும்.

என்ன மாறியது?

நீட் தேர்வுக்கு முன்பு பொதுப் பிரிவினருக்கு 25, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என உச்ச வயது வரம்பு வைக்கப்பட்டு, அது நீதிமன்றம் வரை போனது. அந்த வரம்பை நீக்குவதாக 2022 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை.

அடுத்தது 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட அறிவிப்பு. அதுவரை 11, 12-ம் வகுப்புகளில் அறிவியல் பாடங்களை செய்முறையோடு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து படித்திருக்க வேண்டும். பிளஸ் 2 முடித்த பிறகு, அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் இந்தப் பாடங்களைக் கூடுதலாக எழுதித் தேறினாலும் போதும் என்று விதி மாறியது. காமர்ஸ் மாணவருக்குக் கதவைத் திறந்தது இதுதான்.

எங்கே படிப்பது?

வேலையில் இருப்பவருக்குத் தோதான வழி, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி. தேவையான பாடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு, அதைத் தவிர்க்க முடியாது. கலந்தாய்வு நேரத்தில் மதிப்பெண் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்பதால், தேர்வு எப்போது, ரிசல்ட் எப்போது என்று தேதிகளைப் பார்த்துத் திட்டமிடுவது முக்கியம்.

நிஜமான மலை எது?

நீட்தான். 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. இதில் 90 கேள்விகள், அதாவது பாதி, உயிரியல். மீதி இயற்பியலும் வேதியியலும் தலா 45. உயிரியலை உட்கார்ந்து படித்தால் பிடித்துவிடலாம். கணக்கை விட்டுப் பல வருஷமானவரை இயற்பியல்தான் படுத்தும்.

2025-ல் 22 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1.2 லட்சம். 'நீட் பாஸ்' என்றாலே சீட் கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. ரேங்க் பின்னால் போனால் மிஞ்சுவது லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் கல்லூரிதான். பி.காம் பட்டத்துக்கு இங்கே ஒரு மதிப்பெண் சலுகையும் கிடையாது.

வயதுக் கணக்கு

24 வயதில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடங்களை முடிக்க ஒரு வருஷம், நீட் தயாரிப்புக்கு இன்னொரு வருஷம். எல்லாம் நன்றாக நடந்தால் 26-ல் கல்லூரி. நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. கையெழுத்துக்குக் கீழே எம்.பி.பி.எஸ். என்று போடும்போது வயது 31-ஐத் தாண்டியிருக்கும். எம்.டி., எம்.எஸ். படிக்க இன்னும் மூன்று ஆண்டுகள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை வரும்வரை மாதச் சம்பளம் கிடையாது. இ.எம்.ஐ., தங்கச்சி கல்யாணம், அப்பாவின் ஓய்வு என்று வீட்டுப் பொறுப்புகள் இருப்பவர் இந்த வரியில்தான் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டில் சுலபமா?

அமெரிக்காவில் வரலாறு, இலக்கியம் படித்தவரும் மருத்துவக் கல்லூரியில் சேரலாம். ஆனால் வேதியியல், உயிரியல், இயற்பியல் பாடங்களைக் கல்லூரி அளவில் முடித்து, எம்கேட் தேர்வு எழுத வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கென்றே 4 ஆண்டு மருத்துவப் படிப்புகள் உண்டு. அவற்றில் சில, எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்கின்றன.

ஊர் திரும்பி பிராக்டிஸ் செய்ய நினைப்பவருக்குத்தான் சிக்கல். வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும் என்கிறது 2021-ம் ஆண்டு இந்திய விதி. 4 ஆண்டு என்பது 48 மாதம்தான். பணம் கட்டும் முன்பே இதைப் பார்க்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். மட்டும்தானா?

'நீட் இல்லாம சித்தா படிச்சுக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சித்தா, ஆயுர்வேதப் படிப்புகளுக்கும் நீட் உண்டு. ஈர்ப்பது ஸ்டெதஸ்கோப்பா, நோயாளிகளுக்கு உதவும் வேலையா என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. இரண்டாவது என்றால், மருத்துவமனை நிர்வாகம், மருத்துவ - மனநல சமூகப்பணி போன்ற முதுகலைப் படிப்புகளில் கலை, வணிகவியல் பட்டதாரிகளும் சேரலாம்.

முதல் அடி எது?

ராஜினாமா கடிதம் அல்ல. என்.சி.இ.ஆர்.டி. பிளஸ் 1 இயற்பியல், உயிரியல் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். வேலையை விடாமல், தினமும் ரெண்டு மணி நேரம், மூன்று மாதம் படித்துப் பார்க்கலாம். பழைய நீட் வினாத்தாளைத் தமிழிலேயே எடுத்து, நேரம் வைத்து எழுதிப் பார்க்கலாம். நான்காவது மாதமும் இயற்பியல் புத்தகத்தைத் திறக்க மனம் வந்தால், வீட்டில் பேச்சை எடுக்கலாம்.