பாறையில் நின்று பொலாக் பிடிக்க

கோர்ன்வோல் கரையில் பொலாக் மீன் பிடிப்பது பற்றி வானொலியில் சொன்னபின் பலர் விபரம் கேட்டீர்கள்.

பாறையடியில் வளரும் கெல்ப் பாசிக் காட்டில் பதுங்கியிருக்கும் இம்மீன், பொழுதுபடும் நேரம் கரையை நெருங்கும். ரப்பர் மீனை எறிந்து, 20 எண்ணும்வரை தாழவிட்டு, ஆறுதலாகச் சுற்றுங்கள். கொளுவியதும் நேரே கீழே பாயும். ரீலின் இறுக்கத்தை முன்பே சற்றுத் தளர்த்தி வைக்காவிட்டால் தங்கூசி அறுந்துவிடும்.

மீனைவிட அலையைக் கவனியுங்கள். நாம் பார்த்து வளர்ந்த பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். காற்று அடங்கினால் அலையும் அடங்கும். அத்திலாந்திக் அப்படியல்ல. எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை, நாட்கள் கழித்து, காற்றே இல்லாத வெயில் நாளில் வந்து சேரும். ஒருமுறை நானும் மைத்துனரும் தூண்டில் கட்டிக்கொண்டிருந்தபோது, காய்ந்திருந்த கீழ்ப்பாறையை ஒரு அலை கழுவிப்போனது. அங்கே வைத்த கூடையும் போனது. நாங்கள் இரண்டடி மேலே நின்றதால் தப்பினோம். இப்போது 20 நிமிடம் மேலிருந்து பார்க்காமல் இறங்குவதில்லை. மிதவைச் சட்டை கட்டாயம். எவராவது விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். 999 அழைத்து கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள்.

இம்மீன் குறைந்துவிட்டது. 2024ஆம் ஆண்டுக்கு, இக்கடலில் பிடிக்கவே வேண்டாமென விஞ்ஞானிகள் அறிவுரை தந்தார்கள். புறப்படுமுன் அவ்வாண்டின் விதியைப் பாருங்கள். விதி விட்டாலும் நான் ஒன்றோடு நிறுத்திவிடுவேன். எங்கள் வீட்டுச் சொதிக்கு அது போதும்.