பதினோராம் எண் கூண்டு

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானதும், கடலூர் துறைமுகத்தில் எத்தனையாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்று நாளேடுகளில் தேடுவது நம் வழக்கம். ஒன்றும் மூன்றும் அடிக்கடி ஏறும். பத்து என்றால் பெரும் அபாயம். அதற்கும் மேலே பதினொன்று ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அது காற்றின் வேகத்தைச் சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்துடனான தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வராததையும் ஒரு செய்தியாகக் கருதி, அதற்கென ஓர் எண்ணை ஒதுக்கியிருக்கிறார்கள். கணினிகளை நிர்வகிப்போர் பலர் இன்னும் எட்டாத தெளிவு இது.

இன்று அரசு, வங்கி, மருத்துவமனைச் சேவைகளில் பெரும்பகுதி லினக்ஸ் சர்வர்களில் இயங்குகிறது. அவை ஒவ்வொன்றிலும் 'ஏஜென்ட்' எனப்படும் ஒரு சிறு கண்காணிப்பு நிரல் அமர்ந்திருக்கும். நினைவகம் எவ்வளவு மீதம், வட்டு நிரம்புகிறதா, சேவை உயிரோடு இருக்கிறதா என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை பார்த்து மைய சர்வருக்குச் சொல்வதே அதன் வேலை. ஊர் எல்லையில் நிறுத்திய காவலாளியைப் போன்றது. காவலாளி உறங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

கடலூருக்கு இது வெறும் கணினிக் கேள்வி அன்று. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழிற்சாலைகள் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என உத்தரவிட்டது. பூச்சிக்கொல்லி, மருந்து, சாயப்பொருள் உற்பத்தி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. கடலூர் சிப்காட் வளாகத்துக்கு அறிமுகமானவை. புகைபோக்கியில் உள்ள கருவி அளக்கிறது; அந்த அளவு ஒரு நிரலின் வழியே வாரியத்தின் சர்வரை அடைகிறது.

நள்ளிரவு இரண்டு மணிக்கு இடையிலுள்ள அந்த நிரல் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் வரைபடம் எதைக் காட்டும்? மூன்று வாய்ப்புகள் உள்ளன. கோடு அறுந்து வெற்றிடம் தெரியலாம், அது நேர்மையானது. கடைசியாக வந்த அளவே மீண்டும் மீண்டும் பதிவாகலாம், அது ஏமாற்று. வராத அளவு பூஜ்யமாகப் பதிவாகலாம். அதுவே மிக மோசம். பூஜ்யம் என்றால் மாசே இல்லை என்று பொருள் கொள்ளப்படும். இந்த மூன்றில் எது நிகழும் என்பதை ஓர் அமைப்புக் கோப்பின் ஒற்றை வரி தீர்மானிக்கக்கூடும். அந்த வரியை எழுதியவர் சங்கொலிக்குப்பத்தையோ ஈச்சங்காட்டையோ பார்த்திராதவராக இருக்கலாம்.

இணையவழிக் கருவிகள் வருவதற்கு முன்பே, 2004-ஆம் ஆண்டிலேயே, சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தினர் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, என்ன வாடை வருகிறது என்று குறித்து வைத்தார்கள். வாளி முறையில் காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். குறிப்பேட்டில் ஓர் இரவு விடுபட்டிருந்தால் அது விடுபட்டதாகவே தெரியும். அதை யாரும் தூய காற்று என்று படிக்க மாட்டார்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. நிரல் நின்றால் தானே மீண்டும் தொடங்கும்படி லினக்ஸின் சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும். ஆனால் அது போதாது. உயிரோடு இருந்துகொண்டே வேலை செய்யாத நிரல்கள் உண்டு (அலுவலகங்களில் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது). ஆகவே நிரல் ஓடுகிறதா என்பதைவிட, கடைசித் தகவல் எப்போது வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஜாபிக்ஸ், புரோமிதியஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களில், தகவல் வராவிட்டாலே எச்சரிக்கும் விதியை எழுத வழியிருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்சாரம் பல நாள்களுக்கு இல்லை. அத்தகைய வேளையில், அனுப்ப முடியாத தகவலை ஏஜென்ட் நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால் மின்சாரத்தோடு அதுவும் போய்விடும். வட்டில், அளந்த நேரத்தோடு சேர்த்து எழுதியிருந்தால், இணைப்பு திரும்பியதும் அனுப்பலாம். கண்காணிக்கும் சர்வரும் கண்காணிக்கப்படும் சர்வரும் ஒரே கட்டடத்தில், ஒரே மின் இணைப்பில் இருந்தால் பதினோராம் எண் கூண்டை ஏற்றக்கூட ஆள் இருக்காது.

காவலாளிக்கு எல்லா அறைச் சாவிகளையும் கொடுப்பதும் ஆபத்தே. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்புக் கண்காணிப்பு ஏஜென்டுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஏஜென்ட் இயங்குதளத்தின் உட்கருவிலேயே இயங்கியதால்தான் இத்தனை சேதம். லினக்ஸிலும் ஏஜென்டை ரூட் அதிகாரத்தோடு ஓடவிடும் சோம்பல் பரவலாக உண்டு. அதற்கெனத் தனிப் பயனர் கணக்கு, தேவையான அனுமதி மட்டும், நினைவகத்துக்கு உச்சவரம்பு, புதுப்பிப்பை முதலில் ஒரே ஒரு சர்வரில் சோதிப்பது ஆகியவை ஒரு பிற்பகல் வேலை.

சிதம்பரம் பகுதியினருக்கு வீராணம் ஏரியின் முழு மட்டம் 47.50 அடி என்பது மனப்பாடம். அடைமழையில் ஆறு மணி நேரமாக மட்டம் ஒரே எண்ணில் நின்றால், ஏரி நிதானமாக இருக்கிறது என்று எந்த லஸ்கரும் நினைக்க மாட்டார். அளவுகோலைப் பார்க்கக் கரைக்குப் போவார். பருவமழைக்கு முன் மதகுகளை ஏற்றி இறக்கிப் பார்ப்பதும் அங்கே வழக்கம். சர்வர் அறைகளிலும் ஐப்பசி பிறக்கும் முன் ஒருநாள், முன்னறிவிப்பின்றி ஓர் ஏஜென்டை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கலாம். எத்தனை நிமிடத்தில் யாருடைய கைப்பேசி ஒலிக்கிறது, அந்த எண்ணுக்குரியவர் இன்னும் பணியில் இருக்கிறாரா என்பது அன்றே தெரிந்துவிடும்.