மலைவீதிக்கு உகந்த வண்டி எது?

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை பேராதனையையும் கம்பளையையும் கடந்தபின் தன் இயல்பை மாற்றிக்கொள்கின்றது. அதுவரை பெரும்பாலும் சமமாக ஓடிவந்த வீதி, தேயிலைச் சரிவுகளுக்கிடையே வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகின்றது. அந்த ஏற்றத்தின் இடையே அமைந்த சிறுநகரமே புசல்லாவை. கடைவீதிக்கு மேலும் கீழும் தோட்டங்கள். தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகளோ கல்லும் குழியுமானவை. பேராதனைப் பெரிய வைத்தியசாலைக்கும், பல்கலைக்கழகத்துக்கும், கண்டிக் கச்சேரிக்கும் செல்ல வேண்டுமாயின் மலையிறங்கித்தான் ஆகவேண்டும். எனவே இவ்வூரில் வண்டி வாங்குவோர் அதனை அழகுக்காக மட்டும் வாங்குவதில்லை.

2020 ஆம் ஆண்டில் இலங்கை அரசு மோட்டார் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது பெற்றோலுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. யூலை மாதத்தில் எரிபொருள் பங்கீட்டுக்கெனக் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபோது, அந்த வரிசைகளின் நினைவு மக்கள் மனத்திலிருந்து நீங்கியிருக்கவில்லை. மின்சாரத்திலும் பெற்றோலிலும் ஓடவல்ல வண்டியைப் பலர் நாடியதற்கு அந்நினைவும் ஒரு காரணமாகும். ஒன்று இல்லாவிடின் மற்றொன்று உதவும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்தல் வேண்டும். ஏனெனில் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு அதில் அடங்கியிருக்கின்றது.

ஒரே வண்டியில் இயந்திரத்தையும் மின்மோட்டாரையும் இணைக்கும் முறை புதியதன்று. பேர்டினண்ட் போர்ஷே என்பார் 1900 ஆம் ஆண்டளவிலேயே அத்தகைய வண்டியொன்றைச் செய்து ஓட்டினார். 1997 இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் அம்முறையை உலகெங்கும் பரப்பியது. ஆயினும் பிரியஸ் போன்ற சாதாரண ஹைபிரிட் வண்டி, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் இயந்திரத்திலிருந்தும், வேகத்தைத் தணிக்கும்போது மீளும் சக்தியிலிருந்துமே பெறுகின்றது. அதற்கு வெளி மின்சாரம் தேவையில்லை. பிளக்-இன் ஹைபிரிட் என்பதோ பெரியதொரு மின்கலத் தொகுதியைக் கொண்டது. வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியில் இணைத்து மின்னேற்றத்தக்கது. மின்னேற்றம் உள்ளவரை பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும். அது தீர்ந்ததும் சாதாரண ஹைபிரிட் வண்டியாக மாறிவிடும். எஸ்.யூ.வி. எனப்படும், மலையகத்தார் பொதுவாக ஜீப் என்றே வழங்கும் உயர்ந்த உடலமைப்பில் இம்முறையைப் பெருமளவில் முதலிற் கொண்டுவந்தது 2013 இல் வெளிவந்த மிற்சுபிசி அவுட்லாண்டர் ஆகும்.

இவ்வண்டி மலைவீதியில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்குப் புசல்லாவையார் தொலைவில் உவமை தேட வேண்டியதில்லை. அவ்வூருக்கு அண்மையிலேயே கொத்மலை நீர்த்தேக்கம் பரந்து கிடக்கின்றது. உயரத்தில் தேங்கிய நீர் கீழே விழும்போது சுழலியைச் சுழற்றி மின்சாரம் தருகின்றது. மலையிறங்கும் வண்டியும் அத்தகையதே. இறக்கத்தில் சில்லுகள் மின்மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி மின்கலத்தை நிரப்புகின்றது. வண்டியின் வேகமும் தணிகின்றது. ஆனால் நீர்த்தேக்கம் நிரம்பி வழியுமானால் வான்கதவைத் திறந்து நீரை வீணே விடுவதன்றி வேறு வழியில்லை. அதுபோல, மின்கலம் முழுதும் நிரம்பியிருக்கும்போது இறக்கத்தில் பிறக்கும் சக்தியை அதனால் ஏற்க இயலாது. அப்போது வேகத்தைத் தணிக்கும் பொறுப்பு இயந்திரத்தின் மேலும் சாதாரண பிரேக்கின் மேலும் விழுகின்றது.

இதிலிருந்து மலைவாசி அறியவேண்டிய பாடம் ஒன்று உண்டு. கொழும்பில் வாழ்பவர் இரவில் மின்கலத்தை முழுதும் நிரப்பிவிட்டுக் காலையில் புறப்படுவது முறையே. உயர்ந்த மலைமுகட்டிலிருந்து காலையில் நேரே இறங்கத் தொடங்குபவரோ சிறிது இடம் விட்டு நிரப்புதல் நன்று. மின்னேற்றத்துக்கு எல்லை குறிக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு. இல்லாதவற்றில் மின்னேற்றும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஏற்றத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இவ்வகை வண்டிகள் ஏறத்தாழ 2 தொன் எடையுள்ளவை. கம்பளைக்கும் புசல்லாவைக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 450 மீற்றர். அவ்வெடையை அவ்வுயரத்துக்குத் தூக்க மட்டும், மின்பட்டியலில் காணும் கணக்கின்படி ஏறக்குறைய இரண்டரை அலகு மின்சாரம் வேண்டும். சமதரையில் ஓடுவதற்குக் கிலோமீற்றர் ஒன்றுக்கு ஓர் அலகின் ஐந்தில் ஒரு பங்கு செலவாகும் எனக் கொள்வோமாயின், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்துக்கு மேலும் நான்கு அலகு வேண்டும். ஆகவே ஏறிவருவதற்கு ஆறரை அலகு. இறங்கும்போது அதில் ஒரு பகுதி மீளும். போய்வர எட்டு அல்லது ஒன்பது அலகு எனக் கணக்கிடுதல் தகும். கண்டியிலிருந்து நுவரெலியா வரை ஏறுவதாயின் உயரத்துக்கு மட்டுமே ஏழரை அலகு செலவாகும். விளம்பரத்தாளில் காணும் மின்தூரம் பெரிதும் சமதரைக் கணக்கை ஒத்தது. இறம்பொடை வளைவுகளில் அது சுருங்கிவிடும்.

இனி, வாங்குபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா வண்டியைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது. மலையகத்தில் எத்தனையோ வீடுகள் வீதிக்கு மேலேயோ கீழேயோ படிக்கட்டு வழியாகச் சென்றடையும் இடங்களில் இருக்கின்றன. வண்டி வீதியோரத்தில் நிற்கும். மின்செருகி நாற்பது படிக்கு அப்பால் இருக்கும். மழையில் நீள்கம்பியை இழுத்து மின்னேற்றுவது உயிருக்கே ஆபத்தானது. வண்டி நிற்குமிடத்தில், தனிக் கம்பியும், தக்க புவித்தொடுப்பும், மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் கருவியும் உள்ள செருகி அமைக்க இயலாதாயின், பிளக்-இன் வண்டியை வாங்குவதிற் பயனில்லை. மின்னேற்றப்படாத பிளக்-இன் வண்டி, பெரிய மின்கலத்தின் சுமையையும் விலையையும் வீணே தாங்கிக்கொண்டு ஓடும் பெற்றோல் வண்டியாகும். அத்தகைய வீட்டினருக்குச் சாதாரண ஹைபிரிட்டே உகந்தது.

இது வெறும் ஊகமன்று. ஐரோப்பாவில் 2021 ஆம் ஆண்டில் பதிவுசெய்யப்பட்ட வண்டிகளின் உட்கருவிகளிலிருந்து திரட்டிய விவரங்களை ஐரோப்பிய ஆணைக்குழு 2024 இல் வெளியிட்டது. பிளக்-இன் வண்டிகள் வீதியில் வெளிவிட்ட கரியமிலவாயு, சோதனைக்கூட அளவைப்போல் சராசரி மூன்றரை மடங்காக இருந்தது. எதிர்பார்த்த அளவு மின்னேற்றாமையும் மின்சாரத்தில் ஓட்டாமையுமே அதற்குப் பெருங்காரணம் எனக் கூறப்பட்டது.

செருகி உண்டெனின், இரண்டாவது வினா நாளாந்தப் பயணம். சாதாரண வீட்டுச் செருகி மணிக்கு இரண்டு அலகுக்குச் சிறிது மேலாகவே தொடர்ந்து தரவல்லது. 12 அலகு மின்கலம் நிரம்ப ஐந்தாறு மணி நேரமும், 18 அலகு மின்கலம் நிரம்ப எட்டு ஒன்பது மணி நேரமும் செல்லும். ஓர் இரவு போதும். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த கட்டணம் அறவிடும் நேரவாரிக் கட்டணத் திட்டம் தம் இணைப்புக்குக் கிடைக்குமா என்பதையும் மின்வழங்கல் அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் அலகுகள் கூடக்கூட விகிதமும் உயர்வதால், பெற்றோலில் மிச்சம் பிடித்ததை மின்பட்டியல் விழுங்கிவிடக்கூடும்.

இவ்வடிப்படையில் சில வண்டிகளை ஒப்புநோக்கலாம். அவுட்லாண்டரின் முதல் வகை 12 அலகு மின்கலமும், 2018 இன் திருத்திய வகை 13.8 அலகும், 2021 இல் வந்த புதிய தலைமுறை 20 அலகும் கொண்டவை. முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார் இருப்பதால் நான்கு சில்லுகளும் உந்தும். ஈரமான தோட்டப் பாதையில் இது பெருந்துணை. 2020 இல் வெளிவந்த டொயோட்டா ராவ்4 பிளக்-இன் 2.5 லீற்றர் இயந்திரமும் 18.1 அலகு மின்கலமும் உடையது. அதன் பின்சில்லுகளையும் தனி மோட்டார் இயக்கும். அண்மையில் இலங்கைச் சந்தைக்கு வந்த சீனாவின் பி.வை.டி. சீலயன் 6 என்பது 1.5 லீற்றர் இயந்திரத்துடன் 18.3 அலகு மின்கலத்தைக் கொண்ட வகையிலும் செய்யப்படுகின்றது. அதன் மின்கலம் இரும்புப் பொசுபேற்று வகையைச் சேர்ந்தது. பன்முறை நிரப்பியும் தீர்த்தும் பயன்படுத்துவதை நன்கு தாங்கும். ஆனால் முன்சில்லு மட்டும் உந்தும் வகையும் நாற்சில்லு வகையும் அதில் உண்டாகையால், எது விற்கப்படுகின்றது என்பதைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். இயந்திரக் கொள்ளளவு இறக்குமதி வரியையும், வரி விலையையும் பாதிப்பதால் 1.5 லீற்றருக்கும் 2.5 லீற்றருக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

நாள்தோறும் கம்பளைக்கு இறங்கி ஏறும் ஆசிரியருக்கோ வணிகருக்கோ 12 அலகு மின்கலம் புதிதாயிருக்குங்கால் ஏறத்தாழப் போதும். வயதேறி வலிமை குன்றிய மின்கலமாயின் கடைசி ஏற்றத்தில் இயந்திரம் உறுமத் தொடங்கும். ஆதலின் பாவித்த வண்டியை வாங்குவோர் மின்கலத்தின் எஞ்சிய கொள்ளளவைக் கருவி கொண்டு அளந்து காட்டுமாறு கேட்டல் வேண்டும். மலையேற்றத்தில் ஓட்டிப் பாராமல் பணம் கொடுத்தலாகாது. கண்டிக்கு நாள்தோறும் சென்று மீள்வோருக்குத் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். 18 அலகும் முழுதாகப் போதாது. அவர்கள் கண்டியில் மின்னேற்றும் இடமொன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். அன்றேல் கம்பளை வரையுள்ள சமவீதியில் பெற்றோலையும் ஏற்றத்தில் மின்சாரத்தையும் செலவிடும்படி, மின்சேமிப்பு விசையைப் பயன்படுத்திப் பழகவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டைத் தாக்கியது. மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன, வீதிகள் துண்டிக்கப்பட்டன, பல ஊர்கள் இருளில் மூழ்கின. இவ்வகை வண்டிகள் சிலவற்றில் வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் தரும் வசதி உண்டு. விளக்கும், தொலைபேசியும், மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டியும் அதனால் இயங்கும். வாங்கும்போது அவ்வசதி உண்டா என வினவுதல் மலைநாட்டாருக்கு வீண் ஆசையன்று. எனினும் 2022 இல் பெற்றோலும் மின்சாரமும் ஒருங்கே தட்டுப்பட்டதை மறத்தலாகாது. இரண்டு கதவுள்ள வீடும் சில வேளை இரண்டு கதவும் அடைபட நேரும்.

ஆகவே, எந்த வண்டி சிறந்தது என்னும் வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. வீட்டுவாசலில் செருகியும், மின்கலத்தின் அளவுக்குள் அடங்கும் நாளாந்தப் பயணமும் உள்ளவருக்குப் பிளக்-இன் வண்டி நற்றுணை. அவை இல்லாதவருக்கு அது விலையுயர்ந்த சுமை. விற்பவரின் விளம்பரத்தாளைப் பார்க்குமுன், தம் வீட்டுப் படிக்கட்டையும் தாம் நாள்தோறும் ஏறும் மலையையும் அளந்து பார்ப்பவரே ஏமாறாதவர்.