பட்டு பட்டாலும் வலிக்குமா?

ஆரணியில் பட்டுத் தறி ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பாவில் ஓர் இழை அறுந்தால், நெசவாளி விரலால் தடவியே அதைக் கண்டுபிடித்துப் பிணைத்துவிடுவார். அந்த விரலில் ஆழமான வெட்டு விழுந்து, நரம்பும் சேதமடைந்தால் என்ன ஆகும்? சிலருக்கு விரல் மரத்துப்போகும். வேறு சிலருக்கோ, காயம் ஆறிய பிறகும் மெல்லிய பட்டிழை பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் எரியும். இது ஏன்?

வலிச் செய்தி நரம்பில் மின்துடிப்பாக ஓடித் தண்டுவடத்தை அடைகிறது. அங்கே ஒரு நரம்புச் செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. முதற்செல் குளூட்டமேட் போன்ற வேதிப்பொருளைச் சுரந்து செய்தியை அக்கரை சேர்க்கிறது. காயமுற்ற நரம்போ தூண்டுதல் இல்லாமலே துடிப்புகளை அனுப்பும். தண்டுவடச் செல்களும் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியடையும். அதனால் வெறும் தொடுதலும் வலியாகிவிடுகிறது.

இதைக் கட்டுப்படுத்த உடலிலேயே ஒரு 'பிரேக்' இருக்கிறது. செய்தி மிகையாக வந்தால், பெறும் செல் தன் சவ்வின் கொழுப்பிலிருந்து ஒரு பொருளை உண்டாக்கிப் பின்னோக்கி அனுப்பும். அது முதற்செல்லிலுள்ள சி.பி.1 என்னும் ஏற்பியில், பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பொருந்தும். உடனே கால்சியம் நுழையும் வழிகள் அடைபடும், சுரப்பும் குறையும்.

இந்த ஏற்பியின் மரபணு 1990-இல் கண்டறியப்பட்டது. கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்னும் பொருளும் இதே பூட்டில்தான் பொருந்துகிறது. நம் உடலில் கஞ்சாவுக்கென்று ஒரு பூட்டா? இல்லை. உடலே செய்துகொள்ளும் சாவிக்கான பூட்டு அது. 1992-இல் இஸ்ரேலில் மெக்கூலம் குழுவினர் அத்தகைய சாவி ஒன்றைக் கண்டுபிடித்து, 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர். அதிலுள்ளது நாம் அறிந்த 'ஆனந்தம்' என்னும் வடசொல்லே!

அப்படியானால் வலிக்குக் கஞ்சா புகைக்கலாமா? கூடாது. நினைவு, கவனம், உடல் அசைவு ஆகியவற்றை ஆளும் மூளைப் பகுதிகளிலும் சி.பி.1 நிறைந்திருக்கிறது. டி.எச்.சி. எல்லா இடங்களிலும் ஒரே சமயத்தில் பிரேக் போடும். வளரும் மூளைக்கு இது பெருங்கேடு.

2007-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ரோகிணி குனர் குழுவினர், எலிகளின் வலியுணர் நரம்புகளில் மட்டும் சி.பி.1 இல்லாமல் செய்தனர். மூளையில் ஏற்பி அப்படியே இருந்தும், இவ்வகை மருந்துகளின் வலி தணிக்கும் ஆற்றல் பெரிதும் குறைந்தது. ஆகவே மூளைக்குள் புகாமல், நரம்பில் மட்டும் செயல்படும் மருந்தை உருவாக்க முடியுமா என்பதே ஆய்வாளர் முன்னுள்ள கேள்வி. எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். "காயந்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன வலி?" என்று யாரையும் கேட்காதீர்கள். தோல் ஆறியிருக்கலாம், நரம்பு ஆறாமல் இருக்கலாம்.